கை ஓயும் நேரத்தைக் கணக்கெடுங்கள்

பிள்ளைகளா, முதல் சம்பளம் கைக்கு வந்ததும் உங்களில் பலர் என்னிடம் வந்து நிற்கிறீர்கள். "தாத்தா, சேர்த்தது சில நூறு வெள்ளிதான். பாட்டுக் கேட்கிற பிளேயர் வாங்கலாமா, புத்தகம் படிக்கிற இ-ரீடர் வாங்கலாமா?" எது நல்ல சாமான் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். உங்களுக்கு எது உதவும் என்பதை உங்கள் நாள்தான் சொல்லும். விலை கேட்பதற்கு முன்னால் அந்த நாளை ஒருமுறை கணக்கெடுத்துப் பாருங்கள்.

பாட்டுக்குக் காது போதும். படிப்புக்குக் கண்ணும் கையும் மனமும் ஒன்றாக ஓய்ந்திருக்க வேண்டும். விரலால் தேயிலைக் கொழுந்து கிள்ளிய காலத்தில் வேலைக்கு நடுவிலேயே பாட்டும் பேச்சும் ஓடும். இப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலையேறினால் கையில் கத்தரி, இல்லாவிட்டால் இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தும் இயந்திரம். வழுக்கும் சரிவில், அந்த இரைச்சலில், கூட்டாளி கூப்பிடுவது காதில் விழ வேண்டும். அங்கே காதை அடைத்துக்கொள்வது ஆபத்து. நம் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பஸ்ஸிலோ வளைவுக்கு வளைவு தலை சுற்றும். படிக்க முடியாது, பாட்டுக் கேட்கலாம். நம் மலையூர்களான ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் மழை பிடித்து வீட்டுக்குள் முடங்கும் மாலைகளில்தான் கையும் கண்ணும் ஓய்கின்றன. அந்த நேரம் உங்களுக்கு வாரத்தில் எவ்வளவு கிடைக்கிறது? முதல் கணக்கு அதுதான்.

இரண்டாவது கணக்கு, ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்பது. 2001-இல் வந்து உலகமே ஆசைப்பட்ட ஐபாட் பிளேயரை ஆப்பிள் நிறுவனம் 2022-இல் நிறுத்திவிட்டது. பாட்டு அலுத்துப் போனதால் இல்லை. அதன் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே பல நூறு பாடல்களைத் தாங்கும். மின்னல் எஃப்.எம். வானொலி காசு கேட்பதில்லை. இருப்பதையே இன்னொரு முறை வாங்குவது சிறு சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

கைப்பேசியில் புத்தகமும் படிக்கலாமே என்பீர்கள். படிக்கலாம். ஆனால் பத்துப் பக்கம் போவதற்குள் நாலு செய்தி வந்து இழுக்கும். இ-ரீடரின் மின்தாள் திரையில் கறுப்பு வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் திருப்பும்போதுதான் அவற்றுக்கு மின்சாரம் தேவை. அதனால் மின்கலம் வாரக்கணக்கில் தாங்கும், வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். நம் மலையின் ஈரத்தில் காகிதப் புத்தகம் பூஞ்சை பிடிப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கவலையும் குறையும்.

படிக்கப் புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் பிற்கால இலக்கியம் வரை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத்து இன்று இவ்வளவு இயல்பாக வருவதற்கு, 1980களிலேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கிய நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் உழைப்பும் காரணம். இதை நீங்கள் தெரிந்துகொண்டு பெருமைப்பட வேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்களிடம் உள்ள கைப்பேசியிலேயே ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் தொடங்கி முழுதாக முடியுங்கள். முடித்தால் இ-ரீடர் வாங்குங்கள். பாதியில் விட்டால் காசை வைத்திருங்கள். கருவி வந்ததும் வாசிப்புப் பழக்கம் தானாக வந்துவிடாது. கடையில் காசு கொடுக்குமுன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல் எழுத்து சரியாக வருகிறதா பாருங்கள். பழைய நூல்களை அப்படியே படம்பிடித்த பி.டி.எஃப். கோப்புகள் சிறிய திரையில் கண்ணைச் சோர்வாக்கும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வசதியான இ-பப் கோப்பைத் தேடுங்கள்.

உறுமி பழகுகிறவனும் கோயிலில் தேவாரம் பாடக் கற்கிற பெண்ணும் என் பேச்சைக் கேட்டு இ-ரீடருக்கு ஓட வேண்டாம். ஒரே அடியை, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, இடையில் அழைப்பு வராமல் கேட்க வேண்டியவர்களுக்கு நல்ல பிளேயர் குருவுக்குத் துணை. அவர்களுக்கு அதுதான் பாடப் புத்தகம்.

எதை வாங்கினாலும் தவணையில் வாங்காதீர்கள்; சிறுகச் சேர்த்து வாங்குங்கள். சிறிய காசின் பலம் தெரிய வேண்டுமானால் 1960-ஐ நினையுங்கள். ரப்பர் தோட்டங்களை வெள்ளைக்காரர்கள் துண்டு போட்டு விற்க, பால் வெட்டிப் பிழைத்தவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம். நம் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டார். அந்தக் காசில் எழுந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. பத்து வெள்ளி அன்றும் பெரிய பணமில்லை. எதற்காகப் போடுகிறோம் என்பது போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீங்களும் அதைத் தெரிந்துகொண்டு செலவழியுங்கள். செலவான பிறகும் உங்கள் அறிவையோ கலையையோ ஆண்டுக்கணக்கில் வளர்க்கிற பொருள் எதுவோ, உங்கள் முதல் சம்பளம் அதற்குப் போகட்டும்.