டொக்

பழைய காரில் சப்தம் கேட்கிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு. என்னிடம் இருப்பது 1986-ம் வருஷத்துப் பிரீமியர் பத்மினி. இத்தாலியில் ஃபியட் 1100 ஆக இருந்து, இங்கே வந்து, 1974-ல் இந்தப் பெயரை எடுத்துக்கொண்ட வண்டி. அடியில் தனிச் சட்டம் கிடையாது. தகரக் கூடேதான் சட்டம். ஒரு மூலையில் தட்டினால் கூடு முழுவதும் பேசும். பின்சக்கரத்துக் கமான் பட்டையில் எழுவது தரைத் தகட்டின் வழியே ஓடிவந்து, முன்சீட்டில் இருப்பவரின் காலடியில் ‘டொக்’ என்கிறது. அவர் முன்சக்கரத்தைச் சந்தேகிக்கிறார்.

எங்கள் வண்டியில் இந்த ‘டொக்’ ஆரம்பித்தபோது மகள் லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த வண்டியைத்தான் ஓட்டுவேன் என்கிறாள். சப்தத்தின் பெயர் தெரியாமல் சாவியைக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. காரணம், இந்த விவகாரத்தில் உரத்த சப்தம் பெரிய ஆபத்து என்று கணக்குப் போட முடியாது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்தால், குழாய் தரைத் தகட்டில் மோதி ஊரைக் கூட்டும். அதனால் உயிர்ச்சேதம் எதுவுமில்லை. கிங் பின்னோ, ஸ்டியரிங்கின் டை ராடு முனையோ தேய்ந்து கழன்று வருகிற நிலையில் இருந்துகொண்டு, விரலால் மேஜையைத் தட்டுகிற அளவுக்கே குரல் கொடுக்கலாம். சில சமயம் அதுவும் கொடுக்காது.

முதலில் போன பட்டறையில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, சப்தம் இருந்தது. இரண்டாவது பட்டறையில் தத்துவம் கிடைத்தது: “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்.” விமர்சனக் கட்டுரைகளிலும் இந்தப் பதிலை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு படைப்பு ஏன் தளர்ந்து கிடக்கிறது என்று கேட்டால், காலம் அப்படி என்பார்கள். காலம் எந்த போல்ட்டையும் கழற்றியதில்லை. எங்கோ ஒரு பொருள் தேய்ந்திருக்கிறது; அதற்கு ஒரு பெயரும் ஓர் அளவும் உண்டு.

புதுப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். அவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “எங்க கேக்குதுன்னு வேணாம் சார். எப்பெப்ப கேக்குதுன்னு ஒரு வாரம் பாத்துச் சொல்லுங்க. டிக்கியில இருக்கிற சாமானெல்லாம் மொதல்ல எறக்கிடுங்க” என்றார். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி எல்லாம் இறங்கின. ‘டொக்’ இறங்கவில்லை.

ஒரு பழைய டயரியில் எழுதி வைத்தேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில், சின்னச் சின்னப் பள்ளங்களில் கேட்கிறது. பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டினாலும் கேட்கிறது. பிரேக் ஷூ ஆடுவதாயிருந்தால் அப்போது அடங்கியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றமில்லை. வண்டி கிளம்பும்போது ஒற்றை அடியாக விழுவதில்லை. வேகத்தடையில் ஏறும்போது இல்லை, இறங்கும்போது இருக்கிறது. கடைசியாக, பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது.

பாய் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஆனாலும் பின்பக்கம் போகவில்லை. “மொதல்ல உயிருக்கு ஒலை வைக்கிறதைப் பாத்துடலாம்.” முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தார். மெல்லிய ஆட்டம் தெரிந்தது. என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொன்னார். ஆட்டம் போய்விட்டது. பிரேக் பிடித்ததும் நின்றால் அது சக்கரத்து பேரிங்கின் ஆட்டம். நிற்காமல் தொடர்ந்தால் கிங் பின். பேரிங்கைச் சரிசெய்ய அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து டை ராடு முனைகளைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. ‘டொக்’ இன்னும் அப்படியே இருந்தது, அது வேறு விஷயம்.

பின்பக்கத்துக்கு ஜாக்கி உதவாது. தூக்கினால் சக்கரம் தொங்கும், கமான் பட்டையின் மேலுள்ள பாரம் மாறிவிடும், தேய்ந்த இடம் இறுக்கமாக இருப்பதுபோல் நடிக்கும். நாலு சக்கரமும் தரையில் நிற்க, வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். பட்டறைப் பையன் மட்கார்டை அழுத்தி அழுத்தி விட்டான். பாய் கீழே நின்று ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தார். கமான் பட்டையின் பின்நுனியை வண்டியோடு சேர்க்கிற ஷாக்கிளில் கை நின்றது. என்னையும் இறங்கி வந்து தொடச் சொன்னார். மேலே ‘டொக்’ என்று இத்தனை மாதமாகக் காதில் விழுந்தது, விரலுக்கு மிகச் சிறிய ஒரு நழுவலாக இருந்தது. நகத்தின் கனம்கூட இருக்காது. உள்ளே இருந்த ரப்பர் புஷ் ஊறி, கூழாகி, ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. பாரம் இருக்கும்வரை பின் ஒரு பக்கமாக அழுந்திக் கிடக்கும். பாரம் நீங்குகிற கணத்தில் அந்தக் காலியிடத்தைத் தாண்டிப் போய் இடிக்கும்.

உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. 2023 அக்டோபர் முடிவோடு மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சியும் ஓய்ந்தது. என்றாலும் மூன்று கடை ஏறி இறங்கியதில் புஷ் கிடைத்தது. மாட்டியதும் பையன் நட்டை முறுக்கப் போனான், பாய் தடுத்தார். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. சக்கரம் தொங்குகையில் முறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் திருகிக்கொள்ளும். ஓடாமல் நிற்கும்போதும் அந்தத் திருகலிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புதிதாக மாட்டிய புஷ் சில மாதத்தில் போய்விட்டதாகப் புலம்புகிறவர்கள் இதை விசாரிக்கலாம்.

ரப்பர் ஏன் கூழானது என்றும் கேட்டேன். வாட்டர் சர்வீஸ் விடுகிற இடத்தில், கழுவியபின் அடிப்பாகம் முழுவதும் பழைய எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். துரு பிடிக்காது என்பது காரணம். இரும்புக்கு அது நல்லதாயிருக்கலாம், ரப்பரை அது ஊறவைத்துத் தின்கிறது.

மகள் இப்போது சனிக்கிழமைகளில் வண்டியை எடுக்கிறாள். ‘டொக்’ போன பிறகு இடது கதவுக் கண்ணாடியின் கடகடப்பு தெளிவாகக் கேட்கிறது; அது முன்பும் இருந்திருக்க வேண்டும். போன மாதம் சர்வீஸ் விட்டபோது, ஆயில் அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அதுக்குத் தனியாக் காசு வாங்க மாட்டோம் சார்” என்றான்.