அந்தக் கடிதம்

குமாஸ்தாவாக இருந்த காலத்தில் சில முறை மெமோ வாங்கியிருக்கிறேன். கோப்பு தாமதமானால் போதும், மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். ஏன் நடந்தது, என்ன செய்யப்போகிறாய், எப்போது முடிப்பாய்? ஆபீஸ் முழுக்க அன்றே தெரிந்துவிடும்.

2022-ல் ரிசர்வ் வங்கிக்கும் அப்படி ஒரு மெமோ வந்தது. கொடுத்தது சட்டம். 2016-ல் திருத்திய சட்டப்படி விலைவாசி உயர்வுக்கு அரசு வைத்த இலக்கு 4 சதவீதம். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6-ஐத் தாண்டினால் காரணம், பரிகாரம், சரியாக எவ்வளவு காலம் ஆகும் என்று வங்கி மத்திய அரசுக்கு எழுதித் தர வேண்டும். அந்த ஏப்ரலில் 7.79 சதவீதம். செப்டம்பரோடு மூன்று காலாண்டுகள் முடிந்தன. நவம்பர் 3-ம் தேதி நாணயக் கொள்கைக் குழு கூடியது. கடிதம் போயிற்று.

அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்குச் சொல்லவில்லை. வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று டிசம்பரில் மக்களவையில் அரசு பதில் சொன்னது. இங்கிலாந்தில் மத்திய வங்கி கவர்னர் நிதியமைச்சருக்கு இப்படி எழுதும் கடிதத்தை யாரும் படிக்கலாம்.

இதற்கிடையே 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி, 2022 மே முதல் ஏறி, 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. என் வைப்புத்தொகைக்கு வட்டி கொஞ்சம் கூடியது. மகளின் வீட்டுக் கடனோ வருடக்கணக்கில் நீண்டது. "யாருப்பா இத முடிவு பண்றது? அவங்கள யாரு கேள்வி கேக்கறது?" என்றாள்.

முடிவு செய்பவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அல்ல. அதில் நியாயமும் உண்டு. தேர்தல் வருகிறதே என்று வட்டியைக் குறைக்கச் சொல்லும் மந்திரி கையில் இதை விடக்கூடாது. ஆனால் உத்தரவு போடாதே என்பது வேறு, விளக்கம் கேட்காதே என்பது வேறு.

பாண்டியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 1789-ம் வருட மனித உரிமைப் பிரகடனத்தைப் பாடமாக வைத்திருந்தார்கள். அரசாங்க வேலை பார்க்கும் எவரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு என்கிறது அதன் 15-வது பிரிவு. குமாஸ்தா, கவர்னர் என்ற பேதம் அதில் இல்லை.

சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: அந்தக் கடிதத்தை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். என் மகளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.