காவற்பரணில் ஓர் இரவு

வன்னிக் காட்டின் எழிலை வியக்காத எழுத்தாளர் நம்மிடையே அரியர். அவ்வெழிலுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதை, முல்லைத்தீவு மாவட்டத்துக் குளமொன்றின் கீழே, கமக்காரர் ஒருவரின் காவற்பரணில் கழித்த மாசி மாதத்து இரவே எனக்கு உணர்த்திற்று.

நள்ளிரவில் குளக்கட்டின் மேல் கருமை அசைந்தது. தாய் யானை ஒன்று. அதன் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி. பின்னால் மேலும் மூன்று. நிலவொளியில் அவை கதிர் முற்றிய வயலுள் இறங்கிய காட்சியில் நான் மெய்ம்மறந்தேன். கமக்காரரின் கையில் யானைவெடி இருந்தது. அவர் அதைக் கொளுத்தவில்லை.

"குட்டியோடை வந்திருக்கு, மாஸ்டர். வெருட்டினா பரணுக்குத்தான் வரும்," என்றார் மெல்ல.

விடிந்தபோது அரை ஏக்கர் நெல் சேற்றோடு சேறாய்க் கிடந்தது. அவர் யானையைத் திட்டவில்லை. விதைநெற் கடனை விரல் மடித்து எண்ணினார்.

2023ஆம் ஆண்டில் இத்தீவில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. சூடுபட்டும், மின்கம்பியிற் சிக்கியும், வெடியைக் கடித்தும் இறந்தவை அவற்றுட் பல. அதே ஆண்டில் யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர் மாண்டனர். காட்டைத் துண்டாடி, யானையின் வழித்தடத்தில் ஏழையைக் குடியேற்றத் திட்டமிட்டவர்கள் இவ்விரு பட்டியலிலும் இல்லை.

அன்றிரவு யானையின் அழகை நான் இலவசமாகக் கண்டேன். கட்டணத்தை அவர் செலுத்தினார். காட்டைக் காப்போம் என்று முழங்குகின்ற நாம், பரணில் விழித்திருப்பவரின் கடனையும் நமது கணக்கிற் சேர்த்தாக வேண்டும்.