பச்சைக்கறியும் ராகிக்களியும்

திருவனந்தபுரத்துக்குப் பொட்டி தட்ட வந்து பதினோரு வருஷம் ஆகுது. தர்மபுரிக்காரனுக்கு இந்த ஊர்ல வந்த புதுசுல புரியாத விஷயங்கள் மூணு. ஒண்ணு, கொட்டை கொட்டையா இருக்கிற மட்டை அரிசிச் சோறு. ரெண்டு, ராத்திரி பத்து மணிக்கு அறிவிச்சு காலையில ஆரம்பிக்கிற ஹர்த்தால். மூணாவது, நாய்க்கு வைக்கிற பேர். நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு மணி இருக்கும். இங்க வீட்டுக்கு வீடு கைசர்!

முதல் ரெண்டும் பழகிப்போச்சு. மூணாவதுல இருந்துதான் இந்தப் பதிவு. அந்த கைசர் என்ன சாப்பிடணும்ங்கறதுல இப்ப ஊர் ரெண்டு கட்சியா நிக்குது. மத்தியானம் மிஞ்சின சோறும் மீன் தலையும் போதும்ங்கறது பழைய கட்சி. சமைக்காத இறைச்சி, எலும்பு, ஈரல் மட்டும்தான் போடணும்ங்கறது புதுக் கட்சி.

டெக்னோபார்க்ல என்னோட சேர்ந்து ஆணி பிடுங்கற தம்பி ஒருத்தர் புதுக் கட்சி. கழக்கூட்டத்துல வீடு, ஒரு ராட்வீலர். ஞாயித்துக்கிழமை காலையில போத்திறச்சிக் கடைக்குப் போய் ஒரு வாரத்துக்கு வாங்கி, பொட்டலம் போட்டு ஃப்ரீசர்ல அடுக்கிடுவார். "அண்ணா, நாய்னா அடிப்படையில ஓநாய். ஓநாய் என்னைக்காவது குக்கர் வெச்சுதா?"ன்னு அவர் கேட்டா பதில் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கும்.

இந்தக் கட்சியோட மூலவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட்ங்கற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். 1993ல நாய்க்கு எலும்பு கொடுங்கன்னு ஒரு புத்தகம் எழுதினார். கடையில விக்கிற உருண்டைத் தீனி வேண்டாம், பச்சை எலும்பும் இறைச்சியும் கொஞ்சம் காய்கறியும்தான் நாயோட உடம்புக்கு ஏத்ததுன்னார். 'பார்ஃப்'னு பேர் வெச்சு உலகம் பூரா பரவிடுச்சு.

எங்க வீட்ல இருக்கறது ராட்வீலர் இல்லை. மழையில நனைஞ்சுட்டு கேட்டுக்குள்ள வந்த தெருக்குட்டி. பேர் மணி (வேற என்ன வைப்போம்?). போன வருஷம் அவனுக்கு அரிப்பு. வயித்துலயும் வாலடியிலயும் கடிச்சுக் கடிச்சு முடி கொட்டிப்போச்சு. தம்பி பார்த்துட்டு, "அண்ணா, சோத்தை நிறுத்துங்க. ஒரு மாசம் பச்சைக்கறி போடுங்க, தோல் பளபளன்னு ஆயிடும்"னார். என் பொண்ணு அன்னிக்கு ராத்திரியே பத்து வீடியோ பார்த்துட்டு புதுக் கட்சியில சேர்ந்துட்டா.

எடுத்த எடுப்புல முடியாதுன்னு சொல்ற ஆள் இல்லை நான். தம்பியோட நாய் நல்லாத்தான் இருக்கு. தட்டுல போட்டதைப் பாய்ஞ்சு தின்னுது. புலியும் சிங்கமும் பச்சைக்கறிதானே தின்னுது? பச்சைக்கறி தின்னா நாய்க்கு வெறி பிடிக்கும்னு ஊர்ல சொல்றதும் சுத்தப் பொய். வெறிநோய் வைரஸால வர்றது. அதுக்கு மருந்து தடுப்பூசிதான், தட்டுல இருக்கற சோறு இல்லை.

ஆனா அந்த ஓநாய் வாதம் இடிச்சுது. 2013ல ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நாயோட மரபணுவையும் ஓநாயோடதையும் ஒப்பிட்டு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. மாவுச்சத்தைச் செரிக்க உதவற ஒரு மரபணு ஓநாய்க்கு ரெண்டு பிரதிதான். நாய்க்கு நாலுலேர்ந்து முப்பது வரைக்கும் இருக்கு! மனுஷன் விவசாயம் பண்ணி, அவன் போட்ட சோத்தைத் தின்னே நாய் மாறியிருக்கு. ஓநாய் குக்கர் வெக்கலைங்கறது சரி. நாய், குக்கர் வெச்சிருக்கறவன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துடுச்சே!

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊர்ல நாய்க்குன்னு தனியா சமைச்சதே இல்லை. ராத்திரி ராகிக்களி கிண்டினா சட்டியில ஒட்டின காந்தல் நாய்க்கு. தண்ணி ஊத்திக் கரைச்சு ஒரு கை மோர் விட்டா அதுக்கு விருந்து. ஆடு அடிச்சா எலும்பு. தெற்க ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடிச்சே முயல் விரட்டினவைதான். இந்த ஊர்லயே பாருங்க, விசாகம் திருநாள் மகாராஜா 1880கள்ல கப்பைக் கிழங்கைப் பரப்பினார். அந்தக் கப்பையும் மீன் தலையும் தின்னு வளர்ந்த நாய் எத்தனை! அதுலயும் கப்பையைப் பச்சையாத் தின்னா அதுல சயனைடு உண்டாகும். வேக வெச்சுத் தண்ணியை வடிச்சாதான் சாப்பாடு. பச்சையா இருக்கறதெல்லாம் இயற்கை, இயற்கையெல்லாம் நல்லதுன்னு கேரளத்துல உக்காந்து சொல்றது கொஞ்சம் அதிகம்தான்.

இவ்வளவும் வெட்டி வாதமாவே போயிருக்கும். ஆனா அந்த நேரம் பார்த்து அம்மா இங்க இருந்தாங்க.

இங்க மெடிக்கல் காலேஜ் வளாகத்துல 1981லேர்ந்து ரீஜனல் கேன்சர் சென்டர் இருக்கு. குமரி, நெல்லை, தூத்துக்குடின்னு நம்ம பக்கத்து ஜனங்க நிறைய வர்ற இடம். அம்மாவுக்கு அங்கதான் கீமோ. மூணு வாரத்துக்கு ஒருதடவை ஊசி. அடுத்த பத்து நாள் வெள்ளை அணுக்கள் சரிஞ்சு கிடக்கும். அந்த நாள்ல சாதாரணக் கிருமியே போதும், ஆளைச் சாய்ச்சுடும். பச்சைக் காய்கூட வேண்டாம், எல்லாம் நல்லா வெந்ததா இருக்கட்டும்னு சொல்லியிருந்தாங்க.

அந்தப் பத்து நாளும் அம்மாவுக்குத் துணை மணிதான். தங்கமணியும் நானும் ஆபீஸ் போயிடுவோம், பொண்ணு காலேஜ். கட்டிலுக்குக் கீழ அவன் படுத்துக்குவான், அம்மா கையைத் தொங்கப் போட்டா நக்குவான். முடி கொட்டின ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு இருப்பாங்க. "நம்ம ரெண்டு பேருக்கும் மறுபடி மொளைக்கும்டா ராசா"ன்னு அம்மா சொல்றதை நானே கேட்டிருக்கேன்.

மணியைக் கூட்டிட்டுப் போன கால்நடை டாக்டர்கிட்ட முதல்ல கேட்டதே இதைத்தான். அவர் பேனாவை மூடி வெச்சுட்டு ஒரு கேள்வி கேட்டார். "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க சார்?" சொன்னேன். "அப்படின்னா பேச்சே இல்லை"ன்னுட்டு, ஏன்னும் விளக்கினார்.

பச்சைக் கோழியில, மாட்டிறைச்சியில சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் இருக்கலாம். பெரும்பாலும் நாய்க்கு ஒண்ணும் ஆகாது, ஓடி ஆடிட்டிருக்கும். ஆனா அதோட வாயிலயும் மலத்துலயும் கிருமி வெளிய வரும். தட்டு, கத்தி, தரை, அது நக்கற கை எல்லாத்துலயும் ஒட்டும். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். ஆடு மாட்டு ஈரல், நுரையீரல்ல இருக்கற நாடாப்புழுக் கட்டியை நாய் பச்சையாத் தின்னா, புழு நாயோட குடல்ல வளர்ந்து முட்டை போடும். அது மனுஷன் வயித்துக்குள்ள போனா ஈரல்ல நீர்க்கட்டி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமே 2012ல பச்சைக்கறித் தீனி வேண்டாம்னு தீர்மானம் போட்டிருக்கு.

பறவைக் காய்ச்சல் வேற. குட்டநாட்டுல 2014லயும் 2024லயும் வாத்துங்க கூட்டம் கூட்டமா செத்தது ஞாபகம் இருக்கும். தாய்லாந்துல 2004ல பச்சைக் கோழி போட்டு வளர்த்த ஒரு புலிப் பூங்காவுல நூத்துக்கும் மேல புலிகள் போச்சு. அதே வருஷம் அங்க நோய் பரவின பகுதியில வாத்துக்கறி தின்ன நாய் ஒண்ணும் செத்துது. நாய்க்கு வர்றது அபூர்வம்தான், ஆனா வராதுன்னு இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பொண்ணு விடலை. "அப்பா, மணியைப் பாட்டி ரூமுக்குள்ள விடாம இருந்தா? நாலு மாசம்தானே?" நியாயமான யோசனைதான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒண்ணும் சொல்லலை. கட்டிலுக்குக் கீழ கையை மட்டும் விட்டாங்க. பொண்ணும் அதைப் பார்த்தா. அப்புறம் அவ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சரி, அரிப்பு? டாக்டர் சீப்பு வெச்சு வாரி வெள்ளைக் காகிதத்துல தட்டிக் காட்டினார். தெள்ளுப்பூச்சி! தெள்ளு கடிச்சா சில நாய்களுக்கு ஒவ்வாமை வந்துடும். இந்த ஊர் ஈரப்பதத்துல தெள்ளுக்கு வருஷம் முழுக்க ஓணம்தான். சாப்பாட்டு ஒவ்வாமையா இருந்தாலும், நாய்களுக்கு அதிகம் ஒத்துக்காதது மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமைன்னு அவர் சொன்னப்ப எனக்கு ஆச்சரியம். கோழி ஒத்துக்காத நாய்க்குப் பச்சைக் கோழியும் கோழிதானே? மாத்திரை, மாசாமாசம் மருந்து, படுக்கையை வெந்நீர்ல அலசறதுன்னு ரெண்டு மாசத்துல முடி வந்துடுச்சு. அம்மாவுக்கு வர இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு.

இப்ப மணியோட மெனு: வேக வெச்ச கோழி இல்லைன்னா மத்தி (இங்க சாளைன்னு சொன்னாதான் மீன்கார சேச்சிக்குப் புரியும்), குழைய வடிச்ச சோறு, பூசணி அல்லது கேரட். வாரத்துல ரெண்டு நாள் துளி ஈரல். ஞாயித்துக்கிழமை ராகிக்களி. உப்பு, வெங்காயம், பூண்டு கிடையாது, அதனால மிஞ்சின மீன் குழம்பும் கிடையாது. சில மீன்கள்ல பச்சையா இருக்கறப்ப பி1 வைட்டமினை அழிக்கற ஒரு பொருள் இருக்கு, வெந்தா அது போயிடும். வெறும் கறியில கால்சியம் ரொம்பக் கம்மி, வளர்ற குட்டிக்குக் கால் எலும்பே வளைஞ்சிடும். அதனால முட்டை ஓட்டைக் காய வெச்சுப் பொடிச்சு, டாக்டர் சொன்ன அளவுல சேர்க்கிறோம். வெந்த எலும்பு மட்டும் தவறியும் போடக்கூடாது, ஊசியா உடைஞ்சு குடலைக் குத்தும்.

தம்பி இன்னமும் பச்சைக்கறிதான் போடறார். அவர் வீட்ல குழந்தையோ வயசானவங்களோ இல்லை. கத்தியைத் தனியா வெச்சுக்கறார், புழு மருந்து தவறாம கொடுக்கறார். அவரோட நான் சண்டைக்குப் போகலை. நாய்க்கு எது நல்லதுன்னு மட்டும் அவர் கேட்டார். அந்த நாய் யார் கையை நக்குதுன்னும் சேர்த்துக் கேக்க வேண்டியதா இருந்தது எனக்கு.

அம்மா ஊருக்குப் போயாச்சு, நல்லா இருக்காங்க. போன்ல முதல் கேள்வி, "மணி சாப்பிட்டானா?" ரெண்டாவது கேள்விதான் நான் சாப்பிட்டேனாங்கறது. :-)

உங்க வீட்டு வாயில்லா ஜீவன் என்ன சாப்பிடுதுன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், கால்நடை டாக்டர் இல்லை. தட்டை மாத்தறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னும் மறக்காம சொல்லுங்க.