தப்ரபேனில் ஒரு தேத்தண்ணி

மூத்தவாப்பா அதைத் 'தப்ரபேன்' என்றுதான் சொல்வாராம். அந்தப் பெயரை நானும் மாமாவும் கைத்தொலைபேசி வரைபடத்தில் தேடிக் களைத்துப்போனோம். கொழும்புக் கோட்டை யோர்க் வீதியில் உள்ள கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலுக்கு இடைக்காலத்தில் இருந்த பெயர் அது என்று பிறகுதான் தெரிந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போல எங்கள் குடும்பமும் முல்லைத்தீவு தண்ணீரூற்றிலிருந்து வெளியேற்றப்பட்டது. உம்மம்மாவையும் பிள்ளைகளையும் புத்தளத்து முகாமில் விட்டுவிட்டு, ஊரில் வயல் செய்த மூத்தவாப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கப் போனார். இரவில் யோர்க் வீதித் தூண்களுக்குக் கீழே படுக்கை. முகாமுக்கு வரும்போதெல்லாம், "ஒரு நாளைக்கு உன்னையும் கூட்டிப் போய் அந்த ஹோட்டலுக்குள்ள இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கணும்" என்பாராம். நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே அவர் புத்தளத்தில் மவ்த்தாகிவிட்டார்.

சென்ற விடுமுறையில் சவூதியிலிருந்து வந்த மாமா, உம்மம்மாவுக்குக் கண் காட்ட வேண்டும் என்று கொழும்புக்குப் புறப்பட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன். மருதானையில் சொந்தக்காரர் வீடு இருக்க ஹோட்டல் எதற்கு என்று உம்மா ஏசினா. "ஒரு இரவுதானே ராத்தா" என்றார் மாமா. எனக்கு மட்டும் காரணம் விளங்கியது.

ஹோட்டல் திறக்கப்பட்டது 1875இல். அதற்கு முன் அது ஆங்கிலேயப் படையினரின் குடியிருப்பு. சுயஸ் கால்வாய் வந்த பிறகு கொழும்பில் தரித்த கப்பல்களின் பயணிகள், இறங்குதுறையிலிருந்து நடந்தே வந்து தங்கினார்கள். 1890இல் சகாலின் தீவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவும் தங்கினார். அந்தப் பயணத்தில் அவர் எழுதிய 'குசேவ்' கதையை வீட்டுக்கு வந்த பிறகு தேடி வாசித்தேன். ஊர் திரும்பும் படைவீரன் ஒருவன், காய்ச்சலில் பனி மூடிய தன் கிராமத்தைக் கண்டுகொண்டே கப்பலில் இறந்துபோகிறான். துணியில் வைத்துத் தைத்து அவனைக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். வாசித்து முடித்தபோது எனக்குப் புத்தளத்து மையவாடிதான் நினைவுக்கு வந்தது.

மேல்மாடிச் சாப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். பாரந்தூக்கிகள், அடுக்கடுக்காகக் கொள்கலன்கள், விளக்குப் போட்ட கப்பல்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உம்மம்மா கடலைப் பார்க்கவேயில்லை. முல்லைத்தீவில் பார்க்காத கடலா!

"ரோட்டு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டா.

தேத்தண்ணி வந்தது. வெள்ளைக் கோப்பை, தனியாகப் பால், கடதாசியில் சுற்றிய சீனி. பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்துவிட்டு, "சாயம் காணாது" என்றா. பிறகு விலையைக் கேட்டா. மாமா பாதிக்கும் குறைவாகச் சொன்னார்.

"பொய் சொல்லாதடா" என்றா உம்மம்மா. ஆனாலும் கோப்பையில் ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை.

இரவு மெத்தை சரிவரவில்லை என்று தரையில் விரித்துப் படுத்தா. நான் மெத்தையில் நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸுபஹ் தொழுதுவிட்டுக் கீழே இறங்கினோம். கார்கில்ஸ் சிவப்புக் கட்டடப் பக்கம் தூண்கள் வரிசையாக நின்றன. கடைகள் இன்னும் திறக்கவில்லை.

"எந்தத் தூணடியில மகன்?"

மாமா அப்போது கைக்குழந்தை. அவருக்கு எப்படித் தெரியும்? தலையைக் குனிந்துகொண்டார். உம்மம்மா மெதுவாக நடந்து போய்த் தானே ஒரு தூணைத் தெரிந்தெடுத்தா. அதில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றா. உதடு அசைந்தது, ஏதோ ஓதினா.

பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றா.