காலியாக விட்ட 32 கே.பி.

அக்டோபர் 18, 2025, சனி

தீபாவளிக்கு அக்கா மகள் வந்திருக்கிறாள், கையில் பழைய லேப்டாப்போடு. 4 ஜி.பி. ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி இதில் இல்லை. “நல்லாத்தான் ஓடுது மாமா, தூக்கிப் போட மனசு வரல. லினக்ஸ் போட்டுக் குடுங்க” என்றாள்.

இந்த ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 போதும் என்று முடிவு செய்தோம். அதன் ‘நெட்இன்ஸ்ட்’ ஐ.எஸ்.ஓ. கோப்பு 1 ஜி.பி.-க்கும் குறைவு. அடிப்படை மட்டும் அதில் இருக்கும். மிச்சத்தை நிறுவும்போதே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இறங்கி முடிந்ததும் அதன் எஸ்.எச்.ஏ.-256 செக்சமைக் கணக்கிட்டு, தளத்தில் போட்டிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் கிடைப்பது 64 எழுத்துகள்தான். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வேறு விடை வரும். “அவங்க சைட்லேருந்துதானே எடுத்தோம், எதுக்கு இதெல்லாம்?” என்று கேட்டாள். 2016 பிப்ரவரி 20-ல் நடந்ததைச் சொன்னேன். லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இணைப்பை, பின்கதவு வைத்த வேறொரு ஐ.எஸ்.ஓ.வுக்குத் திருப்பிவிட்டார்கள். தளத்துக்குள்ளேயே ஆள் புகுந்துவிட்டால் அங்கே போட்டிருக்கும் செக்சமையும் மாற்றிவிடலாம். அதனால்தான் டெபியன் அந்தச் செக்சம் பட்டியலில் டிஜிட்டல் கையொப்பமும் இடுகிறது. அதையும் சரிபார்த்தோம். நிறுவப்போகும் கோப்பிடம் முழு மெஷினையும் ஒப்படைக்கிறோம். அதைக் கண்காணிக்க அப்போது பழைய சிஸ்டமோ ஆன்டிவைரஸோ ஓடாது.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று பென்டிரைவ் தயாரித்தோம். “பைலை அப்படியே காப்பி பண்ணிப் போட்டா என்ன மாமா?” நல்ல கேள்வி.

ஐ.எஸ்.ஓ. என்பது ஒரு வட்டின் ஜெராக்ஸ். எழுத்துகள் மட்டுமல்ல, வெற்றுப் பக்கம்கூட அதனதன் இடத்திலேயே இருக்க வேண்டும். காப்பி செய்தால் அது பென்டிரைவுக்குள் இன்னொரு கோப்பாகக் கிடக்கும்; கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது முதலில் தேடுவது அந்தக் கோப்பை அல்ல, டிரைவின் தொடக்கத்தில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் பைட்டுகளை. ஆகவே முதல் பைட்டை டிரைவின் முதல் பைட்டாக வைத்து வரிசையாக எழுத வேண்டும்.

அந்த ‘குறிப்பிட்ட இடம்’தான் எனக்குப் பிடித்த விஷயம். 1988-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 9660 தரநிலை, சி.டி.யை 2048 பைட் செக்டார்களாகப் பார்க்கிறது. முதல் 16 செக்டார்களில் என்ன இருக்க வேண்டும் என்று அது எதுவும் சொல்வதில்லை. விவரம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். 16 × 2048 = 32,768 பைட். அவரவர் சிஸ்டத்துக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்ட இடம். சி.டி.யிலிருந்து பூட் செய்ய 1995-ல் பீனிக்ஸும் ஐ.பி.எம்.மும் கொண்டுவந்த ‘எல் டொரிட்டோ’ முறைகூட இந்த இடத்தைத் தொடவில்லை.

பிறகு சி.டி. டிரைவ் இல்லாத லேப்டாப்கள் வந்தன. சிஸ்லினக்ஸ் குழுவினரின் ‘ஐசோஹைப்ரிட்’ கருவி, காலியாகக் கிடந்த அந்த 32 கே.பி.க்குள் ஹார்ட் டிஸ்க்குக்கு உரிய பூட் செக்டாரையும் பார்ட்டிஷன் டேபிளையும் வைத்தது. சி.டி.யாகப் படிப்பவருக்கு அது சி.டி.; பென்டிரைவாகப் படிப்பவருக்கு ஹார்ட் டிஸ்க். கோப்பு ஒன்றுதான். தரநிலையை எழுதியவர்கள் எல்லா இடத்தையும் தாங்களே நிரப்பியிருந்தால் இது இவ்வளவு எளிதாக நடந்திருக்காது. பின்னால் வருபவருக்கு என்ன தேவைப்படும் என்று கணிப்பதைவிட, கொஞ்சம் இடம் விட்டுவைப்பது நல்ல பொறியியல்.

‘டிடி’ கட்டளையால் எழுதினேன். அது “நிச்சயமா?” என்று கேட்காது, சொன்ன டிரைவை அழித்து எழுதிவிடும். கொள்ளளவைப் பார்த்து எது பென்டிரைவ் என்று உறுதி செய்துகொண்டு, அதிலுள்ள பார்ட்டிஷனை அல்ல, முழு டிரைவையும் இலக்காகக் கொடுத்தேன். விண்டோஸில் ரூஃபஸ் என்ற மென்பொருளின் ‘டிடி’ முறை இப்படியே எழுதும்.

அவளுடைய விண்டோஸில் செருகியபோது 32 ஜி.பி. பென்டிரைவ் சில எம்.பி. மட்டுமே என்று காட்டியது. பதறிவிட்டாள். டிரைவ் கெடவில்லை, விண்டோஸுக்குப் புரிந்தது அதிலுள்ள ஒரு சிறிய பூட் பார்ட்டிஷன் மட்டும்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

பண்டிகை முடிந்து நிதானமாக உட்கார்ந்தோம். அவளுடைய படங்களையும் புராஜெக்ட்டையும் முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினோம். பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் டெபியன் திரை வந்தது. ‘கிராஃபிகல் இன்ஸ்டால்’ எடுக்கச் சொன்னேன். தமிழ் அதில் மட்டும்தான் உண்டு, எழுத்து மட்டும் காட்டும் முறையில் நம் எழுத்து வடிவங்களைக் காட்ட வழியில்லை. முழு வட்டையும் டெபியனுக்கே கொடுத்தாள். டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ, 4 ஜி.பி. ராமுக்கு அது பாரமில்லை.

வேலை முடிந்ததும், புதிதாகப் பார்ட்டிஷன் டேபிள் எழுதி பென்டிரைவைப் பழையபடி ஆக்கித் தருகிறேன் என்றேன். “வேணாம் மாமா. ஹாஸ்டல்ல இன்னும் ரெண்டு பேர் இதே மாதிரி லேப்டாப் வச்சுக்கிட்டு முழிக்கிறாங்க.”

“சரி, எடுத்துட்டுப் போ. ஆனா செருகுறதுக்கு முன்னாடி அவங்க பைலையெல்லாம் வேற டிஸ்க்ல எடுத்து வைக்கச் சொல்லு. எடுத்து வச்சதைத் திறந்தும் பார்க்கச் சொல்லு.”