ஒரகடத்துச் சிறு ஆலைகளும் சர்வர்லெஸ் கன்டெய்னரும்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளிலிருந்து துறைமுகம் செல்லும் சரக்குப் பெட்டகம், உள்ளே எந்தப் பொருள் இருப்பினும் லாரிக்கும் கப்பலுக்கும் ஒரே அளவில் பொருந்துவதைப் போலவே, 2013இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள், ஒரு செயலியையும் அது இயங்கத் தேவையான துணைநிரல்களையும் ஒரே கன்டெய்னராகக் கட்டி, பெரும்பாலான கணினிகளில் மாற்றமின்றி இயங்கச் செய்கிறது. அதன் மூலப்படியான இமேஜ், ரெஜிஸ்ட்ரி எனப்படும் சேமிப்பகத்தில் ஏற்றப்பட்டு, எவ்வளவு சிபியு, எவ்வளவு நினைவகம், எந்த போர்ட் என்ற குறிப்புகளுடன் கிளஸ்டரிடம், அதாவது கன்டெய்னர்களை ஒருங்கே இயக்கும் கட்டமைப்பிடம், ஒப்படைக்கப்படுகிறது.

அமேசான் 2017இல் அறிமுகப்படுத்திய ஃபார்கேட் போன்ற, இத்தகைய கன்டெய்னர்களை இயக்கும் சர்வர்லெஸ் சேவைகளில் சர்வர் இல்லாமல் போவதில்லை. அதைப் பராமரிக்கும் சுமையே பயனரிடமிருந்து நீங்குகிறது. தனிக் கணினிப் பிரிவு வைத்துக்கொள்ள இயலாத சிறு உதிரிபாக நிறுவனங்களின் வருகைப்பதிவுச் செயலி, ஷிஃப்ட் மாறும் வேளையில் மட்டுமே நெரிசலைக் காண்பதால், அவற்றுக்கு இது மிகப் பொருத்தமான வழியாகும்.

ஆயினும் ஃபார்கேட்டில் எவரும் பயன்படுத்தாத நள்ளிரவிலும், இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நொடிக்கணக்கில் கட்டணம் ஏறுகிறது என்பதும், கன்டெய்னர் நின்றவுடன் அதன் தற்காலிகச் சேமிப்பில் எழுதிய தரவு அழிகிறது என்பதும் தொடக்கத்திலேயே அறியப்பட வேண்டியவை. தரவுத்தளத்தைக் கன்டெய்னருக்கு வெளியே வையுங்கள். கட்டண எச்சரிக்கையை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.